மூலை வெட்டிய படம்

நீங்கள் இப்போது அனுப்புகிற கோப்புகளுக்கு மூலை கிடையாது. இல்லாத மூலையை வெட்டவும் முடியாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிற கவலை இது ஒன்றுதான். மற்றபடி நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், வேகமானவர்கள், மதியச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறவர்கள்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்புகிறவளிடம், "ஏதாவது எழுதிக் கொடுங்க மேடம்" என்று கேட்டீர்கள். மரபணு வரிசையைப் பொதுக் களஞ்சியத்துக்கு எப்படி அனுப்புவது, எந்தக் கட்டத்தில் என்ன நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அதை நான் சொன்னால் கொல்லன் தெருவில் ஊசி விற்றது போலாகும். நான் சொல்லப்போவது ஒரு படத்தின் கதை. அதில் தப்புச் செய்தவள் நான்.

1991. ஒரகடம் சாலையில் ஒரு கோழித் தடுப்பூசிக் கம்பெனி. எனக்கு இருபத்து நான்கு வயது, குன்றத்தூரில் வீடு, காலையில் கம்பெனி வேன். இருங்காட்டுக்கோட்டைக்கு அப்போது கார் கம்பெனி வரவில்லை; பஸ்ஸே சொன்ன நேரத்துக்கு வராது. ஒரகடம் சாலையில் ஷிப்டு மாறியவை மாடுகள் மட்டும்தான். அந்தச் சாலையோரத்துக் கட்டடத்தின் பின்கோடியில், ஊரே தூங்கும் மதிய வெயிலில், நாங்கள் நான்கு பேர் ஒரு வைரஸை வாசித்துக்கொண்டிருந்தோம்.

நான்கு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். முதலாவது டாக்டர், எங்கள் ஆய்வுப் பிரிவின் தலைவர், கால்நடை மருத்துவர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும். இரண்டாவது ஸ்டெல்லா, டைப்பிஸ்ட், என் வயதுதான். மூன்றாவது தேசிங்கு, இருட்டறை உதவியாளர், பிள்ளைப்பாக்கத்துக்காரர். காலையில் கழனி, எட்டரைக்கு மேல் கம்பெனி. நான்காவது நான், வேலை நிரந்தரமாகாதவள். நிரந்தர ஆணை டைப் அடிக்கப்பட்டு, கையெழுத்துக்காக டாக்டர் மேசையில் தாள் பறக்காமலிருக்க வைத்த ஒரு கண்ணாடிக் குண்டின் கீழ் படுத்திருந்தது. வேன் ஏறும்போதும் இறங்கும்போதும் எனக்கு அந்தக் குண்டின் நினைவுதான்.

வேலை இது. அந்த வருடம் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு பண்ணையில் முந்நூறு கோழி, வெள்ளைக்கழிச்சலில் செத்துப்போயிற்று. எங்கள் தடுப்பூசி போட்ட கோழிகள். பண்ணைக்காரர் தேசிங்கின் சித்தப்பா. "ஊசி சரியில்ல, பதிலுக்குக் குஞ்சு குடுங்க" என்று அவர் கேட்டார். "ஊசி சரிதான், நீங்கள் போட்ட விதம் சரியில்லை" என்றது கம்பெனி. நடுவே வைரஸ். அது பழைய வைரஸ் என்றால் எங்கள் ஊசி அதைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்காதது எங்கள் குற்றம். புதிய வைரஸ் என்றால் குற்றம் யாருடையதும் இல்லை. ஆக, செத்த கோழியிலிருந்து வைரஸை எடுத்து அதன் ஒரு மரபணுவை முழுக்க வாசிக்கச் சொன்னார்கள்.

வாசிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். இன்று இயந்திரம் வாசிக்கிறது, அன்று கண். ஓர் ஆள் மார்பகலத்துக்கு எக்ஸ்ரே படம். அதில் பக்கம்பக்கமாக நான்கு பாதைகள், மரபணுவின் நான்கு எழுத்துகளில் எழுத்துக்கு ஒன்றாக: ஜி, ஏ, டி, சி. பாதைகளில் கறுப்புக் கோடுகள், மழை நின்ற பிறகு கம்பியில் உட்கார்ந்த காக்கைகள் மாதிரி. கீழிருந்து மேலே, அடுத்த காக்கை எந்தப் பாதையில் என்று பார்த்துப் பார்த்து ஒருவர் சொல்ல, ஒருவர் டைப் அடிக்க வேண்டும்.

"ஏ, ஏ, ஜி, டி..." என்று நான் ஆரம்பித்தால், "ஜெபமாலை சொல்ற மாதிரியே கீதுப்பா, நடுவுல ஆமென் போடட்டா?" என்பாள் ஸ்டெல்லா.

அந்தப் படத்துக்கு முகம் எது, முதுகு எது என்று பார்த்தால் தெரியாது. இரண்டு புறமும் ஒரே மாதிரி. அதனால் தேசிங்கு இருட்டறையில் சிவப்பு விளக்கில் ஒவ்வொரு படத்திலும் வலது மேல் மூலையைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவார். வெட்டு வலப்பக்கம் இருந்தால் படம் நேர். இடப்பக்கம் இருந்தால் திருப்பு. அவ்வளவுதான் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு சட்டமும் இருந்தது: ஒருவர் வாசித்ததைப் படத்தை எடுத்துவிட்டு மறுபடி வைத்து வேறொருவர் வாசிக்க வேண்டும்.

கடைசிப் படம் வந்த அன்று ஸ்டெல்லாவுக்குச் சீக்கிரம் போக வேண்டியிருந்தது, தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். நானே வாசித்தேன். சரிபார்க்க, படத்தை விளக்குப் பெட்டியிலிருந்து எடுக்காமலே, நானே மறுபடி வாசித்தேன். இரண்டு வாசிப்பும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போயின. எவ்வளவு ஆனந்தம்! படம் புறம் மாறிக் கிடந்தது.

இதில் ஒரு விபரீத அழகு உண்டு. ஜி, ஏ, டி, சி என்ற பாதைகளைப் பின்புறமாகப் பார்த்தால் சி, டி, ஏ, ஜி. மரபணுவில் ஜிக்குச் சியும் ஏவுக்கு டியும் ஜோடி; ஒவ்வொரு எழுத்தின் இடத்திலும் அதன் ஜோடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. குப்பையாகத் தெரிந்திருந்தால் யாராவது பிடித்திருப்பார்கள். ஆனால் அது ஒழுங்காகத் தலைவாரி, பொட்டு வைத்துக்கொண்டு, மரபணு மாதிரியே வந்து நின்றது. கடைசி நூற்று முப்பது எழுத்துகள் உலகத்தில் தெரிந்த எந்த வெள்ளைக்கழிச்சல் வைரஸோடும் ஒட்டவில்லை. அந்த எழுத்துகளின்படி உருவாகும் புரதத்தின் வால் பாதியிலேயே முடிந்தது. முந்தின படத்தின் முடிவும் இதன் தொடக்கமும் சில எழுத்துகளாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், படியவில்லை. அதையும் நான் புதுமையின் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

"குட்டை வால்!" என்று டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னம்மா, புது வைரஸா பிடிச்சிருக்கே! ஊசி எப்படித் தடுக்கும்? பூட்டு மாறிப்போச்சு, பழைய சாவி எப்படித் திறக்கும்?"

அன்று ஆய்வுப் பிரிவில் எல்லோருக்கும் மசால்வடை. தேசிங்கு மட்டும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப சித்தப்பாவுக்குக் குஞ்சு கெடைக்காது" என்றார்.

வரிசையை வெளிநாட்டுப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பினோம். அங்கே தரும் பதிவு எண் இருந்தால்தான் ஆய்வுப் பத்திரிகை எங்கள் கட்டுரையை எடுத்துக்கொள்ளும். பிளாப்பி தட்டு ஒன்று, படிவம் ஒன்று. வளையாமலிருக்க எக்ஸ்ரே படப் பெட்டியின் அட்டையை வெட்டி இரண்டு பக்கமும் கொடுத்துத் தேசிங்குதான் கட்டினார். படிவத்தில் ஒரு கேள்வி: உடனே எல்லோருக்கும் திறந்துவிடலாமா, கட்டுரை வரும்வரை பூட்டி வைக்க வேண்டுமா?

"பூட்டு" என்றார் டாக்டர்.

"சார், கோழி செத்துக்கிட்டிருக்கு. மத்த ஊர்லயும் இதே குட்டை வால் இருந்தா? அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன் நான். இருபத்து நான்கு வயதுக்கு உலகத்தின் எல்லாப் பூட்டின்மீதும் கோபம்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, திற. ஆனா திறந்த வீட்டுக்குள்ள யார் வேணா வருவாங்க, ஞாபகம் வெச்சுக்கோ."

வந்தார்கள். களஞ்சியத்திலிருந்து எண் வந்த சில வாரங்களில், கடல் தாண்டிய ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண்மணியின் கடிதம். உங்கள் வரிசையைப் பார்த்தோம், அற்புதம். குட்டை வாலைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றை உருவாக்க அடுத்த மாதம் முதல் தேதி தொடங்குகிறோம். இதற்காக இருவரை வேலைக்கு எடுத்திருக்கிறோம். கடிதத்தை நான் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். வேனில் எடுத்து வாசிப்பேன், மடிப்பேன், மறுபடி வாசிப்பேன்.

அந்த வாரத்தின் புதன்கிழமை, கட்டுரைக்குப் புகைப்படம் எடுப்பதற்காகக் கடைசிப் படத்தை மறுபடி விளக்குப் பெட்டியில் வைத்தேன். முந்தைய தடவை வைத்த அதே வாக்கில், பழக்கப்பட்ட கை. கழுவின தட்டுகளோடு பின்னால் போன தேசிங்கு நின்றார்.

"மேடம், படத்தைப் பொரட்டிப் போட்டுக்கினு இன்னா பாக்குறீங்க?"

"சரியாத்தானே போட்டிருக்கேன்."

"மூலை எங்க கீது பாருங்க. நான் வெட்டுனது சோத்தாங்கை பக்கம். உங்களுக்குப் பீச்சாங்கை பக்கம் நிக்குது. மூலை இன்னா, நடந்தா போவும்?"

சிரித்தேன். படத்தைத் திருப்பினேன். கீழிருந்து வாசிக்கத் தொடங்கினேன். முந்தின படத்தின் முடிவோடு முதல் எழுத்துகள் அழகாகப் படிந்தன. இருபதாவது எழுத்தில் சிரிப்பு நின்றது. நூற்று முப்பதாவது எழுத்தில் வைரஸுக்கு நீளமான, பழைய, ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த வால் முளைத்திருந்தது.

தேசிங்கு தட்டுகளைக் கீழே வைத்தார். "இன்னா மேடம்?"

"பழைய வைரஸ் தேசிங்கு."

அவர் முகத்தில் சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து அதை அவர் மறைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

படத்தோடு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் இரண்டு புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆக, நாலு மாசமா நான் ஒரு முதுகைப் பார்த்து முகம்னு கும்பிட்டிருக்கேன்" என்றார். பிறகு, "யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. தேசிங்குக்கு."

"அப்ப பிள்ளைப்பாக்கத்துக்கே தெரியும்." கண்ணாடியைக் கழற்றினார். "அவன் சித்தப்பா கோழிக்காகச் சொல்றான்னு டைரக்டருங்க சொன்னா?"

"மூலை சொல்லுது சார்."

"வெள்ளிக்கிழமை மீட்டிங். புது வைரஸ்னு எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. அதுவரைக்கும் இந்தப் படம் உன் டிராயர்ல தூங்கட்டும். அப்புறம் நிதானமா, மறுபடி ஒரு தடவை சோதனை பண்ணி, சுத்தமா ஒரு திருத்தம் அனுப்பலாம்."

"அந்தம்மா முதல் தேதி ஆரம்பிக்கறாங்க சார். ரெண்டு பேரை வேலைக்கு எடுத்திருக்காங்க. இன்னைக்கு இருபத்தெட்டு."

"உன் வேலையைப் பத்தி யோசிச்சியா?" என்றார். மிரட்டலாக இல்லை, உண்மையான கேள்வியாகவே கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் கண்ணாடிக் குண்டைப் பார்த்தோம்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் எனக்கு எந்த வெளிச்சமும் வரவில்லை. பயம்தான் வந்தது. இரண்டு பயங்களில் எது சிறியதோ அதைத் தேர்ந்தெடுத்தேன். வேலை போனால் குன்றத்தூரில் டியூஷன் எடுக்கலாம். ஆனால் என் பேச்சை நம்பி முகம் தெரியாத ஒருத்தி முதல் தேதி காலையில் கையுறை மாட்டுவாளே, அந்தக் காட்சியை என்னால் சகிக்க முடியவில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் தேசிங்கின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து ஸ்ரீபெரும்புதூர் தந்தி அலுவலகம். களஞ்சியத்துக்கு ஒன்று, அந்தப் பெண்மணிக்கு ஒன்று. படிவத்தில் சரியான நூற்று முப்பது எழுத்துகளையும் அணி அணியாக எழுதியிருந்தேன். ஐந்து ஐந்தாகப் பிரித்து, வெகு நேர்த்தியாக.

கவுண்டரில் இருந்தவர் படிவத்தை வாங்கினார். வாசித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"இன்னாம்மா இது? ஏஜிடிசிசி... எந்த ஊரு பாஷை?"

"கோழிக்கு வர்ற வைரஸ் சார்."

"கோழி குடுக்கிற தந்தியா?"

அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகத்துக்கே தெரிந்திருந்தது, எந்தக் காரணத்துக்காக என்று உங்களுக்கும் தெரியும். பஸ்ஸில் பெரிய பை வைத்திருந்தாலே நாலு பேர் திரும்பிப் பார்த்த காலம். அந்த ஊரிலிருந்து, ஓர் இளம்பெண், வெளிநாட்டுக்கு, ஐந்தைந்து எழுத்தாகப் புரியாத தந்தி. எனக்கு இது உறைத்தது அப்போதுதான், பெஞ்சில் உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் எழுந்து வந்தபோது.

"படிச்சுக் காட்டும்மா" என்றார்.

படித்தேன். ஏ, ஜி, டி, சி, சி. கியூவில் நின்றவர்கள் எல்லாம் பக்தியோடு கேட்டார்கள்.

"எதுனா புரியுதா?" என்று கான்ஸ்டபிள் கவுண்டரில் இருந்தவரைக் கேட்டார்.

"எனக்கு இன்னா புரியும்? ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லாம நான் அனுப்ப மாட்டேம்பா."

இதை ஸ்டேஷனில் விளக்கி, டாக்டருக்குப் போன் போட்டு... மீட்டிங்குக்கு முன்பே முழுக் கம்பெனிக்கும் தெரிந்துவிடும். அப்போது தேசிங்கு என் தோளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"சார், நான் பிள்ளைப்பாக்கம். கோழி ஊசி கம்பெனில வேலை. மேடம், நீங்க அந்த எழுத்தெல்லாம் எதுக்கு எழுதிக்கினு? மொதல்ல தப்புன்னு சொல்லுங்க. சரி எதுன்னு அப்பால தபால்ல சொல்லிக்கலாம். வண்டியில பிரேக் இல்லன்னா, மொதல்ல 'ஒத்து, ஓரம் போ'ன்னு கத்துவீங்களா, எந்த நட்டு கழண்டுகீதுன்னு வெளக்குவீங்களா?"

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். "அதானே."

அணி அணியான என் நூற்று முப்பது எழுத்துகளையும் அடித்தேன். புதிதாக எழுதினேன்: எங்கள் வரிசையின் கடைசி நூற்று முப்பது எழுத்துகளை நம்ப வேண்டாம். படத்தைப் புறம் மாற்றி வாசித்தது நான். குட்டை வால் கிடையாது. சரியானது தபாலில். கீழே என் பெயர், என் பெயர் மட்டும்.

இந்த முப்பது வருடத்தில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தங்கள் வரிசையில் தவறு என்று தெரிந்த பிறகும் சொல்லமாட்டார்கள். பொய்யர்கள் என்பதால் அல்ல. திருத்தம் பளிச்சென்று தயாராகட்டும், கையோடு கொடுத்துவிடலாம் என்று காத்திருப்பார்கள். டாக்டரும் அதைத்தான் சொன்னார், நிதானமாக, சுத்தமாக என்று. அந்தச் சுத்தம் சேருவதற்குள் வண்டி யார்மீதாவது ஏறிவிடும்.

திரும்பி வந்து டாக்டரிடம் நேராகப் போய்ச் சொன்னேன், தந்தி கொடுத்துவிட்டேன் என்று. அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை, அதுதான் என்னைக் கலக்கியது. "படத்தை வெச்சுட்டுப் போ" என்றார்.

வெள்ளிக்கிழமை மீட்டிங் அறைக்கு அவர் அந்தப் படத்தோடு போனார். உள்ளே நடந்ததை, காபி கொண்டுபோன ஸ்டெல்லா தவணை முறையில் வந்து சொன்னாள். முதல் தவணை: "படத்தை ஜன்னல்ல ஒட்டி வெச்சுகீறாரு." இரண்டாவது: "மூலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாரு, கோயில்ல தீபம் காட்டுற மாதிரி." மூன்றாவது தவணையில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதை வரிக்கு வரி எழுதுகிறேன்: "'வைரஸ் பழசுதான். அப்ப ஊசி மருந்து கொண்டுபோன நம்ம ஐஸ் பெட்டிதான் கெட்டுப்போச்சு. மருந்து வேன் எங்கெங்க நின்னுச்சுன்னு விசாரிங்க'ன்னாரு. நான் காபி தட்டை அங்கயே வெச்சுட்டு ஓடியாந்தேன்."

விசாரித்தார்கள். ஊசி மருந்து வெயிலில் நின்றது நிஜம். சித்தப்பாவுக்குக் குஞ்சுகள் வந்தன, அதே வேனில், புது ஐஸ் பெட்டிகளோடு. என் நிரந்தர ஆணை அந்த வாரமே கண்ணாடிக் குண்டின் கீழிருந்து காணாமல் போயிற்று. ஆறு மாதம் நீட்டிப்பு என்று வேறொரு தாள் வந்தது. "இரண்டு சட்டத்தை மீறினே. வாசிச்சதை வேற ஆள் பார்க்கலை. என் பேச்சையும் கேக்கலை" என்றார் டாக்டர். "முதலாவதுக்குத்தான் இந்த ஆறு மாசம்." இரண்டாவதற்கு என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை. அவரும் கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பெண்மணியிடமிருந்து ஒற்றை வரித் தந்தி வந்தது: நிறுத்திவிட்டோம், நன்றி.

களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டிய திருத்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். அனுப்புகிறவர்கள் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரும் என் பெயரும் இருந்தன. பேனாவை வாங்கி மூன்றாவதாக ஒரு பெயரை அவரே எழுதினார். தேசிங்கு.

தேசிங்கிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "பேர் போட்டதுக்கு ஓவர்டைம் காசு உண்டா?" என்றார்.

அடுத்த வருடம் வேறொரு நாட்டிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. முகவரி: டாக்டர் தேசிங்கு. எங்கள் டாக்டரே அதைக் கையில் ஏந்தி இருட்டறை வாசலில் நின்று, "டாக்டர் இருக்காரா?" என்று கூப்பிட்டார். உள்ளே இருந்த கடிதத்தை நான் தமிழில் சொன்னேன். அவர்களிடமும் ஒரு வெள்ளைக்கழிச்சல் வைரஸ் இருக்கிறதாம். அதன் வால் நம்முடையதோடு ஒத்துப்போகவில்லையாம், புது வகை என்று நினைக்கிறார்களாம், டாக்டர் தேசிங்கின் மேலான அபிப்பிராயம் வேண்டுமாம். அவர்களது படத்தின் நகல் ஒன்றையும் வைத்திருந்தார்கள்.

தேசிங்கு ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நகலை வாங்கினார். நேராகப் பார்த்தார். திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாலு மூலையையும் விரலால் தடவினார்.

"இன்னா மேடம் கம்பெனி இது," என்றார். "மூலையே வெட்டல."